கெடாவின் இருப்புப்பாதையும் நம் தோட்டத்துத் தமிழரும்



கோலாலம்பூருக்குக் கல்விச் சுற்றுலா சென்று திரும்பும் நம் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னால், இரட்டைக் கோபுரத்திற்கு அடுத்தபடியாக அவர்கள் எழுதுவது நகர இரயிலைப் பற்றித்தான். ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிறது, வீடுகளுக்கு மேலே பறக்கிறது, திடீரென நிலத்துக்கடியில் நுழைகிறது என்றெல்லாம் வியந்து எழுதுகிறார்கள். அந்த வியப்பில் தவறொன்றுமில்லை. 1996-ஆம் ஆண்டு அம்பாங் தடத்தில் முதல் இலகு இரயில் ஓடியது. 1998-இல் ஓட்டுநர் இல்லா இரயில், 2003-இல் ஒற்றைத் தண்டவாள இரயில், 2016-இன் இறுதியில் எம்.ஆர்.டி. எனத் தலைநகரம் இருபதே ஆண்டுகளில் தன் போக்குவரத்தை மாற்றிக்கொண்டது. ஆனால் அக்கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'எங்கள் கெடாவில் இப்படிப்பட்ட இரயிலும் இல்லை, இரயிலைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை' என்பதே அந்த வரி.

இல்லை என்று எழுதும் பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டிலிருந்து இருப்புப்பாதை சில கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிறது. அவர்களுடைய பாட்டன், பூட்டன்மார் அப்பாதை வழியாகத்தான் இந்த மண்ணுக்கு வந்தார்கள். அவர்களுள் பலர் அதே பாதை வழியாகக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது நாம் அல்லவா?

தொடர்வண்டி என்று எழுதுவதே நல்ல தமிழ் என்பதை அறிவேன். மாணவர்களுக்கும் அதையே கற்பிக்கிறேன். ஆயினும் தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் அது 'ரயிலு' என்றே வாழ்ந்தது. அவர்களைப் பற்றிய கட்டுரை என்பதால் இங்கே இரயில் என்றே எழுதுகிறேன். தூய தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

முதலில் தலைநகரத்தையே எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் வியக்கும் அம்பாங் தடம் வெற்று நிலத்தில் எழுந்ததன்று. ஈயச் சுரங்கக் காலத்தில் அம்பாங்கிற்குப் போடப்பட்ட பழைய கிளைப் பாதையின் நிலத்தில்தான் அதன் ஒரு பகுதி ஓடுகிறது. 2001-இல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரல் நிலையம், பிரிக்பீல்ட்சில் இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பரந்த பணிமுற்றமாக இருந்த இடத்தில் எழுந்தது. செந்தூலில் இரயில்வேயின் மாபெரும் பட்டறை இருந்தது. பிரிக்பீல்ட்சும் செந்தூலும் தமிழர் குடியிருப்புகளாக வளர்ந்ததற்கு இரயில்வேயே காரணம். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் இருந்தார்கள். தண்டவாளம் போட்டவர்களும் சிலிப்பர் கட்டை சுமந்தவர்களும் சல்லிக்கல் கொட்டியவர்களும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். ஒரே மொழி பேசிய இவ்விரு பிரிவினரிடையே இருந்த இடைவெளி தனியாக எழுத வேண்டிய செய்தி. இன்று அதற்குள் நான் நுழையவில்லை.

இனி நம் கெடாவுக்கு வருவோம். மலாயாவின் முதல் இரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. மேற்குக் கரை மாநிலங்களில் பாதைகள் துண்டு துண்டாக வளர்ந்து, 1909-இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை ஒரே தொடராக இணைந்தன. அப்போதும் கெடாவில் இரயில் இல்லை. காரணம் எளிது: கெடா அன்று பிரிட்டிஷார் கையில் இல்லை. அது சயாமின் மேலாண்மையின்கீழ் இருந்தது. நெல்லையும் மனிதர்களையும் ஏற்றிச் செல்ல ஆறுகளும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வான் முகமது சமான் அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை வெட்டுவித்த நீண்ட கால்வாயும் இருந்தன. வட கெடாவின் நெல் வயல்களுக்கிடையே அக்கால்வாய் இன்றும் ஓடுகிறது. சாலையோரமாக அதைக் கடந்து செல்லும் நாம் எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

1909-ஆம் ஆண்டில்தான் எல்லாம் மாறியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பேங்காக்கில் கையெழுத்தான ஆங்கில-சயாமிய உடன்படிக்கையின்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கும் பிரிட்டிஷ் மேலாண்மைக்குள் வந்தன. பாடநூல் படித்த எவரும் இதை அறிவர். ஆனால் அதனோடு சேர்ந்த மற்றோர் ஏற்பாட்டைப் பலர் கவனிப்பதில்லை. பேங்காக்கிலிருந்து தெற்கு நோக்கி இருப்புப்பாதை அமைப்பதற்காக ஐக்கிய மலாய் மாநிலங்களின் கருவூலத்திலிருந்து 40 இலட்சம் பவுன் சயாமுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. மலாயாவின் ஈயம் ஈட்டித் தந்த பணம் சயாமின் தென்பகுதிப் பாதையாயிற்று. அப்பாதை வந்து சேர வேண்டிய இடம் மலாயாவின் எல்லை. அங்கே அதைச் சந்திக்க வடக்கு நோக்கி ஒரு பாதை போக வேண்டும். அது கெடாவின் ஊடாகத்தான் போக முடியும்.

ஆக, நம் மாநிலத்துக்கு இரயில் வந்தது நம் ஊர்களுக்காக அன்று. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து புறப்பட்டு, மூடா ஆற்றைக் கடந்து, சுங்கை பட்டாணி, பீடோங், குரூண் வழியாக 1915-இல் பாதை அலோர் ஸ்டாரை அடைந்தது. 1918-இல் பாடாங் பெசாரில் சயாமியப் பாதையோடு கைகோத்தது. நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். கூலிம், பாடாங் செராய், கோல கெட்டில், பாலிங் எனத் தோட்டங்கள் செறிந்த கிழக்குப் பகுதி முழுவதையும் அப்பாதை ஒதுக்கிவிட்டுச் செல்கிறது. தமிழர்கள் அதிகம் வாழ்ந்த கூலிம் வட்டாரத்திற்கு இன்றுவரை இரயில் கிடையாது. வடக்கே போக வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு போடப்பட்ட கோடு அது. பிரிட்டிஷார் நமக்கு இரயிலைக் 'கொடுத்தார்கள்' என்று மேடைகளில் பேசுவோரை நான் இந்த நிலப்படத்தைப் பார்க்கச் சொல்வேன்.

மற்றொரு செய்தியையும் இங்கே மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறேன். மலாயாவின் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் சரியாக ஒரு மீட்டர். சயாமின் தென்பகுதிப் பாதையும் அதே மீட்டர் அகலம் கொண்டது. பேங்காக்கிற்குக் கிழக்கிலும் வடக்கிலும் சென்ற சயாமியப் பாதைகள் தொடக்கத்தில் இதைவிட அகலமானவை. தெற்கு மட்டும் மலாயாவோடு ஒத்திருந்தது. பர்மாவின் பாதைகளும் மீட்டர் அகலமே. தண்டவாளத்தின் அகலம் ஒத்துப்போனால் எல்லையில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. பெட்டி அப்படியே கடந்து போகும். பொறியியல் நோக்கில் இது பெரும் வசதி. இந்த வசதி பிற்காலத்தில் யாருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சொல்லப்போனால், நம் முன்னோரின் பயணம் முழுவதுமே மீட்டர் அகலத்தில்தான் நடந்தது. தஞ்சை, திருச்சிராப்பள்ளி மாவட்டச் சிற்றூர்களிலிருந்து கங்காணியோடு புறப்பட்டவர்கள் நாகப்பட்டினத்திற்கு ஏறிய தென்னிந்திய இரயில்வேயும் மீட்டர் பாதையே. அங்கிருந்தோ சென்னையிலிருந்தோ கப்பல். பினாங்கு வந்ததும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். முகாம்வாசம் முடிந்து கடலைக் கடந்து பிறைக்கு வந்தால் மறுபடியும் இரயில். பட்டர்வொர்த் நிலையம் 1967-இல்தான் வந்தது. அதுவரை பிறைதான் வடக்கின் வாசல். பினாங்குத் தீவில் தண்டவாளமே இல்லாத இரயில் நிலையக் கட்டடம் ஒன்று உண்டு. அங்கே பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு படகில் ஏறிப் பிறைக்கு வந்து இரயில் பிடிக்க வேண்டும். மணிக்கூண்டோடு கூடிய அக்கட்டடம் இன்றும் சுங்கத்துறையின் கட்டடமாக நிற்கிறது. மாணவர்களுக்குக் காட்டினால் நம்ப மறுக்கிறார்கள்.

1915-க்குப் பின் வந்தவர்களில் கெடாவுக்கு உரியவர்கள் சுங்கை பட்டாணியிலோ பீடோங்கிலோ குரூணிலோ இறங்கியிருப்பார்கள். அங்கிருந்து தோட்டத்து மாட்டுவண்டியோ, பின்னாளில் லோரியோ, இல்லையேல் நடையோ. அதன்பின் லயத்து வீடு, காலைப் பெரட்டு, பால்மரம். இரயிலை மறுபடி பார்க்கும் வாய்ப்பு அவர்களில் பலருக்கு ஊர் திரும்பும்போதுதான் கிடைத்தது. 1930 முதல் 1932 வரை இரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் வந்த வழியே அனுப்பப்பட்டார்கள். விலை ஏறினால் வரவழைப்பதற்கும் இறங்கினால் அனுப்பிவிடுவதற்கும் அதே பாதைதான். 1938-இல் இந்திய அரசு, உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன்பின் இங்கிருந்தவர்கள் இங்கேயே வேரூன்றத் தொடங்கினார்கள்.

வேர் பிடிப்பதற்குள் சப்பான்காரன் வந்தான்.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய சப்பானியப் படையின் மற்றொரு பிரிவு, தென் சயாமில் இறங்கிக் கெடா வழியாகத் தெற்கே வந்தது. அதற்கும் சாலையும் இருப்புப்பாதையும் துணைசெய்தன. மலாயா வீழ்ந்தது. அடுத்த ஆண்டு சப்பானியர் பர்மாப் போர்முனைக்குப் பொருள் கொண்டுசெல்லத் தரைவழி தேடினார்கள். சயாமின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தொலைவு, மலையும் காடும் மழையும் நிறைந்த நிலத்தில் இருப்புப்பாதை அமைக்க முடிவு செய்தார்கள். 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் அதை முடித்தும்விட்டார்கள். அதைத்தான் நாம் சயாம் மரண இரயில் என்கிறோம்.

இப்போது அந்த மீட்டர் அகலத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். சயாமும் பர்மாவும் மலாயாவும் ஒரே அகலம். ஆகையால் மலாயாவின் தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே போட முடிந்தது. கிழக்குக் கரைப் பாதையின் பல பகுதிகள் அவ்வாறு பெயர்க்கப்பட்டன. மலாயாவின் சரக்குப் பெட்டிகளும் எல்லையில் நிற்காமல் அப்படியே ஓடின. அந்தப் பெட்டிகளில் ஏற்றப்பட்ட சரக்கு மனிதர்கள். 1909-இன் கடனும் 1918-இன் இணைப்பும் இல்லாதிருந்தால், சுங்கை பட்டாணியில் ஏறியவன் அதே பெட்டியில் பான் போங்கில் இறங்கியிருக்க முடியாது.

தொடக்கத்தில் நாட்கூலி உண்டு, அரிசி உண்டு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். தோட்டங்களில் வேலை நின்று, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கில் உயிர் வாழ்ந்த காலம் அது. சிலர் விரும்பியே போனார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. போனவர்களிடமிருந்து தகவல் எதுவும் வராததும் ஆட்கள் கிடைக்கவில்லை. அதன்பிறகு இன்ன தோட்டம் இத்தனை ஆளை அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இலவசப் படம் காட்டுவதாக அழைத்துக் கதவை அடைத்து லோரியில் ஏற்றிய நிகழ்ச்சிகளும் நடந்தன. பெயர்ப்பட்டியலைத் தயாரித்தவர்கள் தோட்டத்தின் கிராணிகளும் தண்டல்களுமாக இருந்த இடங்களும் உண்டு. அவர்களில் சிலர் மிரட்டலுக்குப் பணிந்தவர்கள். சிலர் தமக்கு வேண்டாதவர்களைக் கழித்துக்கட்ட நல்வாய்ப்பாகக் கொண்டவர்கள். இதை இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் தயங்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய இரு நாவல்களும் நம் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் ஆசிரியர் அறையிலும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர் தொகை 75,000-க்கும் மேல் எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் தோட்டத்துத் தமிழர். சீனரும் மலாய்க்காரரும் சாவகத்தாரும் பர்மியரும் அப்பாதையில் உழைத்தார்கள். மேலைநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, அதிகாரி இருந்தார், இயன்றவரை மருந்து தேடிய மருத்துவர்கள் உடனிருந்தார்கள். யார் இறந்தார் என்று எழுதிவைக்க ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு அவற்றுள் எதுவுமில்லை. 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மடிந்தார்கள். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, காலில் அழுகும் புண் ஆகியவை எஞ்சியவர்களைக் கொண்டுபோயின. ஆசியத் தொழிலாளர்களின் இறப்பு போர்க்கைதிகளுடையதைப்போல் பல மடங்கு. துல்லியமான எண் கிடையாது. எண்ணிவைக்க எவரும் எண்ணவில்லை.

பாடாங் செராய் வட்டாரத்தில் ஒரு மூதாட்டியிடம் சில ஆண்டுகளுக்கு முன் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது தகப்பனாரைச் சயாமுக்கு அழைத்துப் போனார்களாம். திரும்பவில்லை. "செத்த சேதி வரலியே சார், எப்படித் தாலிய அறுக்கறதுன்னு எங்கம்மா கடைசி வரைக்கும் பொட்டு வச்சிக்கிட்டுத்தான் இருந்திச்சு" என்றார். இறந்த நாள் தெரியாததால் திதி கொடுத்ததில்லை. அப்பாவுக்கு ஒரு படையல்கூட வைக்கவில்லை என்பதுதான் அவருடைய குறை. வரலாற்று நூல்களில் எத்தனையோ எண்களைப் படித்திருக்கிறேன். எண்ணப்படாமல் போனால் ஒரு குடும்பத்தில் என்ன ஆகிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொரு கொடுமை. மரண இரயில் முடிந்த அதே 1943 அக்டோபரில் கெடா மாநிலமே சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. கெடாவுக்குச் சைபுரி என்று சயாமியப் பெயரும் வந்தது. ஆகப் போர் முடியும் வரை நம் தாத்தாமார் இருவர் ஆட்சியில் வாழ்ந்தார்கள். படை சப்பானியருடையது, நிருவாகம் சயாமியருடையது. அக்காலத்தில் மரண இரயிலிலிருந்து தப்பி எலும்பும் தோலுமாகக் கெடாவுக்குள் வந்து சேர்ந்தவர்கள் சிலருக்கு உணவும் ஒதுங்க இடமும் கொடுத்து உதவியவர்களுள் துங்கு அப்துல் ரஹ்மானும் ஒருவர். போர் மூண்டபோது அவர் கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்தவர். நாட்டின் முதல் பிரதமர் என்ற அளவில் மட்டும் அவரை அறிந்த நம் மாணவர்களுக்கு இச்செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம்.

உலகம் இந்தப் பாதையை அறிந்ததெல்லாம் 1957-இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்தின் வழியாகத்தான். அப்படத்தில் பாலம் கட்டுபவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். தமிழனுக்கு அங்கே இடமில்லை. அதன் மூலக் கதையை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல், போருக்கு முன் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர்! பால்வெட்டும் தமிழரை நாள்தோறும் கண்டிருக்கக்கூடிய ஒருவர் எழுதிய கதையின் நிலை இது. படம் எடுக்கப்பட்டதோ இலங்கையில்.

காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். ஒவ்வொன்றின் மேலும் பெயர், படைப்பிரிவு, வயது. புல் வெட்டி, பூச்செடி வளர்த்துப் பேணுகிறார்கள். அது பாராட்டுக்குரியது. நம்மவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அங்கே இல்லை. நீண்ட காலத்திற்குப் பின் 2023-ஆம் ஆண்டில், அவ்வூரின் பௌத்த ஆலய வளாகமொன்றில், மரண இரயிலில் மாண்ட தமிழர்களுக்காக நடுகல் நிறுவப்பட்டது. சங்க காலத்தில் போரில் வீழ்ந்தவனுக்கு எழுப்பிய அதே நடுகல். எண்பது ஆண்டுகள் ஆயின.

போருக்குப் பின் கெடாவின் பாதை பழையபடி அரிசியையும் இரப்பரையும் பயணிகளையும் ஏற்றியது. அந்தக் காலகட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. தைப்பூசத்திற்குப் பினாங்கு செல்ல இரயில் ஏறியவர்களின் கதைகள் நம் வீடுகளில் உண்டு. இரவு புறப்பட்டு விடிகாலையில் கோலாலம்பூர் சேரும் வண்டியில், மூட்டை முடிச்சுகளோடு ஆசிரியர் பயிற்சிக்குப் போன தலைமுறையினர் இதைப் படிப்போரிலும் இருப்பீர்கள்.

2008-இல் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் தொலைவுக்கு இரட்டைப் பாதைத் திட்டம் தொடங்கியது. 2014-இன் இறுதியில் முடிவுற்றது. ஒற்றைப் பாதை இரட்டைப் பாதையாயிற்று. தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி வந்தது. 2015-இல் மின்சார விரைவு இரயில் கெடாவுக்குள் ஓடியது. அதே ஆண்டில் பட்டர்வொர்த்துக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே கொமுட்டர் சேவையும் தொடங்கியது. சுங்கை பட்டாணி, குரூண், கோபா, அலோர் ஸ்டார், அனாக் புக்கிட், கொடியாங் ஆகிய கெடா நிலையங்களில் அது நின்று செல்கிறது. காலையில் சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த்துக்கு வேலைக்குச் செல்வோர் அதில் நிறைந்திருப்பதைப் பார்க்கலாம். பெருநகர இரயில் செய்யும் வேலையை, சற்று நிதானமாக, நம் வட்டாரத்தில் இது செய்கிறது. பினாங்கிலும் இலகு இரயில் திட்டத்தின் தொடக்க விழா 2025 ஜனவரியில் நடந்தது. அது தீவிலிருந்து கடலைக் கடந்து பட்டர்வொர்த் வரை வந்துசேரும் திட்டம். அது நிறைவேறினால் கொமுட்டரும் அதுவும் அங்கே சந்திக்கும்.

மாணவர்கள் கேட்டால் சொல்ல ஒரு வேறுபாடு: கோலாலம்பூரின் இலகு இரயில் 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் தண்டவாளத்தின் பக்கத்தில் கிடக்கும் மூன்றாவது தண்டிலிருந்து வருகிறது. நம் கொமுட்டரின் பாதையோ, கம்பியும் பெட்டியும் வேகமும் மாறிய பின்னும், 1915-இல் போட்ட அதே ஒரு மீட்டர் அகலம்தான்.

மாறியவை வேறு. சுங்கை பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. செம்பனையும் போன இடத்தில் தாமானும் தொழிற்சாலையும் நிற்கின்றன. லயத்தில் பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் தெரிந்து வளர்ந்த குடும்பங்கள் சிதறிப் போயின. தோட்டம் இருந்தவரை, சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார் என்பது கோயில் திடலில் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். இன்று அதைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. சயாம் சென்று திரும்பியவர்கள் இன்று இருந்தால் நூறு வயதை ஒட்டியிருப்பார்கள். அவர்களிடம் கேட்டவர்களே இப்போது எண்பதைத் தாண்டுகிறார்கள். எனவேதான் இதை அவசரமாக எழுதுகிறேன்.

நான் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களோடு செய்துவரும் ஒரு சிறு பணியை இங்கே குறிப்பிடுகிறேன். விரும்புவோர் தங்கள் பள்ளியிலும் செய்து பார்க்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மூத்தவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு வர வேண்டும். நம் குடும்பம் முதலில் எந்தத் தோட்டத்துக்கு வந்தது? எந்த நிலையத்தில் இறங்கியது? சயாமுக்குப் போனவர் உண்டா, பெயர் என்ன? திரும்பினாரா? பதிலைத் தேதி போட்டு, சொன்னவர் பெயரோடு, அவர் சொன்ன பேச்சுமொழியிலேயே எழுத வேண்டும். இலக்கணப் பிழை திருத்தக் கூடாது என்பது இந்த ஒரு பணிக்கு மட்டும் நான் வைத்திருக்கும் விதி. கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொண்டால் இன்னும் நன்று. 'தெரியாது' என்று பதில் வந்தால் அதையும் எழுதச் சொல்கிறேன். பல வேளைகளில் அந்தத் 'தெரியாது'க்குப் பிறகுதான் பாட்டிமார் பேசத் தொடங்குகிறார்கள். முப்பது பேர் வகுப்பில் ஐந்தாறு பேராவது ஒரு பெயரைக் கொண்டுவருகிறார்கள். பெயர் கிடைத்ததும் தோட்டத்தின் பெயரோடு சேர்த்து ஒரு தடித்த ஏட்டில் எழுதிவைக்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைச் சுங்கை பட்டாணியில் கொமுட்டரில் ஏற்றி அலோர் ஸ்டார் வரை அழைத்துச் செல்லுங்கள். வடக்கே போகும்போது இடப்பக்கம் ஜெராய் மலை தெரியும், இடப்பக்கச் சன்னலோரம் உட்கார வையுங்கள். பீடோங்கில் வண்டி நிற்காது, ஆகவே கவனித்துச் சொல்ல வேண்டும். குரூணைத் தாண்டியதும் இருபுறமும் நெல் வயல் விரியும். அலோர் ஸ்டாரில் புதிய நிலையத்தின் அருகே 1915-ஆம் ஆண்டின் பழைய நிலையக் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். அதையும் காட்டுங்கள். நேரமிருந்தால் பாடாங் பெசார் வரையும் போகலாம். அங்கே மேடையின் வடமுனையில் நின்றால் தண்டவாளம் எல்லையைக் கடந்து தாய்லாந்துக்குள் போவது கண்ணுக்குத் தெரியும். எங்கே போகிறது என்று பிள்ளை கேட்கும்.